போலீஸ் இல்லாத லண்டனும் ஒரு துப்பறியும் பிரபுவும்



நம் வளாகத்தில் துப்பறியும் நாவல் பிரியர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். சங்கர்லாலில் தொடங்கி, கணேஷ் வசந்த் வழியாக வந்தவர்கள் நாம். இந்த இதழில் உங்களுக்கு ஓர் ஆங்கில நாவலையும், அதற்குப் பின்னால் இருக்கும் உண்மை வரலாற்றையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கொலையாளி யார் என்று சொல்லிவிட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

நாவலின் பெயர் 'வாட் தி டெவில் நோஸ்'. எழுதியவர் சி.எஸ்.ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஐரோப்பிய வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர். செபாஸ்டியன் செயிண்ட் சிர் என்ற பிரபுவைத் துப்பறிவாளராக வைத்து 2005 முதல் ஒரு நாவல் வரிசை எழுதி வருகிறார். நான் சொல்லும் நாவல் அந்த வரிசையில் 2021-ல் வந்தது. கதை நடப்பது 1814 அக்டோபரில், லண்டனில். நெப்போலியனோடு நடந்த போர் முடிந்துவிட்டது, ஐரோப்பாவை மறுபடி பங்கு போட ராஜதந்திரிகள் வியன்னாவில் கூடியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் லண்டனின் துறைமுகப் பகுதியில் ஒரு மாஜிஸ்திரேட் கோரமாகக் கொல்லப்படுகிறார். மூன்று வருடம் முன்பு இரண்டு குடும்பங்கள் கொல்லப்பட்ட அதே முறையில்! அந்தப் பழைய வழக்கை விசாரித்தவரே இப்போது செத்துக் கிடப்பவர்தான். பழைய வழக்கின் குற்றவாளி என்று சொல்லப்பட்டவனோ 1811-லேயே சிறையில் தூக்கில் தொங்கி இறந்துவிட்டான். அப்படியானால் இப்போது கொல்வது யார்?

செத்துப்போன மாஜிஸ்திரேட் கற்பனைப் பாத்திரம். மூன்று வருடம் முந்தைய அந்தப் பழைய வழக்கு கற்பனை இல்லை. அது லண்டனில் நடந்த உண்மைச் சம்பவம். எனக்கு நாவலை விட அதுதான் பல நாள் மனதில் நின்றது.

துப்பறிபவர் ஏன் ஒரு பிரபு?

முதலில் நம் கதாநாயகனைப் பார்ப்போம். செபாஸ்டியனுக்கு டெவ்லின் விஸ்கவுண்ட் என்று பட்டம். தந்தை ஒரு ஏர்ல், அதாவது பெரிய பிரபு. அவருக்கு வாரிசு இவர். மகனின் பட்டம் மரியாதைக்காகக் கூப்பிடுவதுதான். தந்தை இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகனே. போரில் குதிரைப்படைக் கேப்டனாக இருந்து திரும்பியவர். இருட்டிலும் கண் தெரியும், காது மிகக் கூர்மை. உதவிக்கு டாம் என்ற பையன், முன்னாள் பிக்பாக்கெட். பிணப் பரிசோதனைக்கு ஒரு கால் இழந்த அயர்லாந்து டாக்டர். மனைவி ஹீரோ, லண்டன் ஏழைகளின் வாழ்க்கையை ஆராய்ந்து கட்டுரை எழுதும் பெண். பெயரே அதுதான்!

கணேஷ் ஒரு வக்கீல், கட்சிக்காரர் வந்து கதவைத் தட்டுவார். சங்கர்லால் தொழில்முறைத் துப்பறிவாளர். இந்தப் பிரபுவுக்கு என்ன வேலை? எதுவும் இல்லை. அதுவேதான் அவருக்குப் பலம். அவருக்கு நேரம் உண்டு, பணம் உண்டு, எந்த வாசலிலும் நிறுத்த மாட்டார்கள். மந்திரியின் வீட்டு வரவேற்பறையிலும் உட்காரலாம், மாலுமிகள் குடிக்கும் கடையிலும் போய் நிற்கலாம். வழக்கைச் சீக்கிரம் முடித்தால் பரிசு, முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்ற கவலை இல்லை.

இதெல்லாம் நாவலாசிரியரின் சௌகரியம் என்று நீங்கள் சொல்லலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, அன்றைய லண்டனில் ஒரு கொலை நடந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும்.

வாட்ச்மேன், கான்ஸ்டபிள், மாஜிஸ்திரேட்

1811 மக்கள்தொகைக் கணக்குப்படி லண்டனில் 10 லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். இத்தனை பெரிய நகரத்துக்கு ஒரு போலீஸ் படை கிடையாது. காவல் என்பது 'பாரிஷ்' கையில் இருந்தது. பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தைச் சுற்றிய வட்டாரம், கிட்டத்தட்ட நம் வார்டு மாதிரி. வீட்டுக்காரர்களிடம் வரி வசூலித்து இரவு வாட்ச்மேன்களை வைத்தார்கள். குறைந்த சம்பளம் என்பதால் பெரும்பாலும் வயதானவர்களே வருவார்கள். கையில் ஒரு விளக்கு, சத்தம் எழுப்ப ஒரு கிலுகிலுப்பை, மணிக்கொரு தரம் நேரத்தைச் சொல்லிக் கத்த வேண்டும். நம் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணமும் கேட்டில் இருக்கும் பெரியவரும் உங்களுக்கு நினைவு வந்தால் தவறில்லை.

பகலுக்குக் கான்ஸ்டபிள். அது சம்பளமில்லாத பதவி. பாரிஷ்வாசிகள் முறை வைத்து ஒரு வருடம் செய்ய வேண்டும். பலர் காசு கொடுத்து வேறொருவரைத் தன் இடத்தில் அனுப்பிவிடுவார்கள். (நம் சங்கத்துக்குச் செயலாளர் தேடும்போது நடப்பதை இங்கே நான் எழுதப் போவதில்லை.)

1749-ல் ஹென்றி ஃபீல்டிங் என்ற மாஜிஸ்திரேட், போ ஸ்ட்ரீட்டில் ஒரு சிறு குழுவை வைத்துத் திருடர்களைப் பிடிக்கத் தொடங்கினார். அவர் பிரபல நாவலாசிரியரும்கூட என்பது சுவையான விஷயம். பிறகு 1792-ல் ஒரு சட்டம் வந்து, ஏழு இடங்களில் சம்பளம் பெறும் மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்தார்கள். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் சில கான்ஸ்டபிள்கள் மட்டுமே. 1798-ல் தேம்ஸ் நதிக் கப்பல் சரக்குகளைக் காக்கத் தனியாக ஒரு நதிக் காவல் அமைப்பு வந்தது. இவர்களில் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. "அது எங்க லிமிட் இல்லை" என்ற பதிலுக்கு அங்கேயும் பஞ்சமில்லை.

குற்றவாளியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் பொறுப்பு, செலவும் அவருடையது. சில குற்றங்களில் தண்டனை வாங்கிக் கொடுத்தால் 40 பவுன் பரிசு என்று சட்டமே சொன்னது. அந்தப் பணத்துக்காக அப்பாவிகளை மாட்டிவிட்டவர்கள் இருந்தார்கள். தண்டனையோ கடுமை. 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. அந்தத் தூக்கை எதிர்நோக்கி நிற்பவனின் வக்கீல், ஜூரியைப் பார்த்து அவனுக்காக வாதாட 1836 வரை அனுமதி இல்லை.

ஆக, கண்டுபிடிக்கும் ஏற்பாடு பலவீனம், தண்டிக்கும் ஏற்பாடு மட்டும் பலம். இந்தப் பின்னணியில் அந்த வழக்கைப் பாருங்கள்.

பன்னிரண்டு நாளில் ஏழு உயிர்கள்

ராட்கிளிஃப் ஹைவே என்பது கிழக்கு லண்டனில் கப்பல்துறைக்கு அருகே இருந்த நெரிசலான சாலை. அங்கே திமொத்தி மார் என்ற 24 வயது இளைஞர் துணிக்கடை வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்து, கல்யாணம் செய்துகொண்டு, கடை போட்டவர். மனைவி சீலியா. சில மாதக் குழந்தை ஒன்று.

1811 டிசம்பர் 7, சனிக்கிழமை. நள்ளிரவு நெருங்கும்போது கடையை மூடிக்கொண்டே, வேலைக்காரப் பெண் மார்கரெட் ஜுவலைக் கூப்பிட்டு, சிப்பி வாங்கி வரவும் ரொட்டிக் கடைப் பாக்கியைக் கொடுக்கவும் அனுப்பினார் மார். எல்லாக் கடையும் மூடியிருந்ததால் அவள் வெறுங்கையோடு திரும்பினாள். வீடு பூட்டியிருந்தது. மணியை அடித்தாள். உள்ளே காலடிச் சத்தமும் குழந்தையின் அழுகையும் கேட்டன, கதவு மட்டும் திறக்கவில்லை.

ரோந்து வந்த வாட்ச்மேன் ஜார்ஜ் ஓல்னி சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உலுக்கியது. நள்ளிரவுக்குப் பின் அந்தப் பக்கம் வந்தபோது, கடை ஜன்னல் பலகையின் தாழ் சரியாகப் போடாததைக் கவனித்துக் குரல் கொடுத்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியும் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் பதில் சொல்லியிருக்கிறது. பழக்கமில்லாத குரல். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். சரி என்று நகர்ந்தும் விட்டார்.

பக்கத்து அடகுக் கடைக்காரர் பின்சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய்ப் பார்த்தால், மார், அவர் மனைவி, கடைப் பையன் ஜேம்ஸ் கோவன், தொட்டில் குழந்தை, நால்வரும் பிணமாகக் கிடந்தார்கள். வீட்டிலிருந்த பணம் அப்படியே இருந்தது. கப்பல் தச்சர்கள் பயன்படுத்தும் கனமான சம்மட்டி ஒன்று ரத்தத்தோடு கிடைத்தது. பின்பக்கம் இரண்டு பேருடைய காலடித் தடங்கள் இருந்ததாகவும் பேசப்பட்டது.

பாரிஷ் 50 பவுன் பரிசு அறிவித்தது. அரசாங்கம் தன் பங்கைப் படிப்படியாக 500 பவுன் வரை உயர்த்தியது. பலரைப் பிடித்தார்கள், விட்டார்கள்.

டிசம்பர் 19. நடந்துபோகும் தூரத்தில் கிங்ஸ் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடை. இரவில் ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு, அரைகுறை ஆடையோடு தெருவில் இறங்கி "கொலை, கொலை" என்று அலறினார். அவர் ஜான் டர்னர், அங்கே வாடகைக்குத் தங்கியிருந்தவர். கடைக்காரர் ஜான் வில்லியம்சன், மனைவி எலிசபெத், வேலைக்காரப் பெண் பிரிட்ஜெட் மூவரும் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த பேத்தி ஒருத்தி எதுவும் தெரியாமல் தப்பினாள்.

லண்டன் நடுங்கியது. ஜனங்கள் வீட்டுக் கதவுக்குக் கூடுதல் தாழ் போட்டார்கள்.

மாட்டியவன்

சம்மட்டியில் இருந்த எழுத்துகளை வைத்து, அது பீட்டர்சன் என்ற வெளிநாட்டு மாலுமியுடையது என்று தெரிந்தது. அவர் கடலுக்குப் போகுமுன் தன் கருவிப் பெட்டியை 'பேர் ட்ரீ' என்ற விடுதியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த விடுதியில் தங்கியிருந்தவன் ஜான் வில்லியம்ஸ், 27 வயது மாலுமி. மாருடன் முன்பு ஒரே கப்பலில் இருந்தவன் என்றும் சொன்னார்கள்.

அவனுக்கு எதிராக என்ன இருந்தது? கருவிப் பெட்டி அவன் கைக்கு எட்டும். கொலை நடந்த இரவில் தாமதமாக வந்தான். அறையில் எரிந்த மெழுகுவர்த்தியை அணைக்கச் சொன்னான். கையில் காசில்லாதிருந்தவனிடம் திடீரென்று காசு. சட்டையில் ரத்தக் கறை இருந்ததாகத் துணி வெளுப்பவள் சொன்னாள்.

இப்போது மறுபக்கம். அந்தப் பெட்டி விடுதியில் எல்லோர் கைக்கும் எட்டும், வீட்டுச் சிறுவர்கள் அந்தச் சம்மட்டியை எடுத்து விளையாடுவார்கள். கொலையாளியைக் கண்ணால் பார்த்த டர்னரால் வில்லியம்ஸை அடையாளம் காட்ட முடியவில்லை. இரண்டு பேர் காலடி என்றால் இன்னொருவர் யார்? பணத்தைத் தொடாத கொலைக்குக் காரணம் என்ன? சாட்சி சொன்னவர்கள் முன்னால் ஒரு பெரிய பரிசுத் தொகை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் எடைபோட ஒரு கோர்ட்டு விசாரணை வேண்டும். அது நடக்கவேயில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில், மாஜிஸ்திரேட் முன் மறுபடி ஆஜராக வேண்டிய நாளில், சிறை அறையில் வில்லியம்ஸ் தூக்கில் தொங்கிக் கிடந்தான். தற்கொலையே வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டார்கள். செத்தவன் மேல் விசாரணையைத் தொடர்ந்து, தனி ஒருவனாக அவனே ஏழு பேரையும் கொன்றான் என்று தீர்மானித்தார்கள்.

1811-ன் கடைசி நாள், டிசம்பர் 31. அவன் உடலை ஒரு சாய்வுப் பலகையில் கிடத்தி, சம்மட்டியைப் பக்கத்தில் வைத்து, வண்டியில் ஊர்வலம் விட்டார்கள். உள்துறை மந்திரியின் ஒப்புதலோடு. மார் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். 1,80,000 பேர் கூடியதாகச் சொல்கிறார்கள். கடைசியில் நான்கு ரோடு சந்திக்கும் இடத்தில் ஒரு குழியில் தள்ளி, நெஞ்சில் ஒரு கட்டையை அடித்து இறக்கி மூடினார்கள். 1886-ல் காஸ் குழாய்க்காகத் தோண்டிய தொழிலாளர்கள் அந்த எலும்புக்கூட்டைக் கண்டார்கள். மண்டை ஓடு பக்கத்து மதுக்கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

ஒரு ஜூரியும் குற்றவாளி என்று சொல்லாத மனிதன் அவன் என்பதை நினைவில் வையுங்கள்.

சஸ்பென்ஸ் கணக்கு

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாள் முடிவில் கணக்கு இடித்தால், காரணம் தெரியும்வரை அந்த வித்தியாசத்தை அதில் போட்டு வைப்போம். தெரியாததைத் 'தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதி வைக்க ஓர் இடம். அதை நிலுவையில் பார்க்க யாருக்கும் பிடிக்காது, ஆடிட்டர் கேள்வி கேட்பார். ஆனாலும் தெரியாத தொகையை யார் பெயரிலாவது எழுதி நேர் செய்வதைவிட அது மேல்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு மாலை ஓர் ஐம்பது ரூபாய்க் கட்டு, அதாவது 5,000 ரூபாய், குறைந்தது. எல்லோர் கண்ணும் தற்காலிகப் பியூனாக வந்த பையன் மேல் போனது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் தொகையை சஸ்பென்ஸில் வைக்கச் சொல்லி, பையனை வழக்கம்போல் டீ வாங்கி வர அனுப்பினார். நான்காம் நாள் ஒரு வாடிக்கையாளர் வந்து, தனக்குக் கூடுதலாக வந்த கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

1811-ன் மாஜிஸ்திரேட்டுகளிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை. நகரமே பயந்திருக்கிறது, மேலிடம் பதில் கேட்கிறது, புது வருடம் பிறக்கப் போகிறது. புத்தகத்தை நேர் செய்தாக வேண்டும். உறவில்லாத, பணமில்லாத, இறந்தும் போன ஒரு மாலுமியின் பெயர் கைக்குக் கிடைத்தது, எழுதிவிட்டார்கள். அவன் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. கணக்கு அவசரத்தில் முடிக்கப்பட்டது என்பதுதான் விஷயம்.

இங்கேதான் நம் பிரபு எனக்குப் பிடித்துப்போகிறார். அவர் செய்வதெல்லாம் முடித்த கணக்கைத் திறப்பதுதான். நண்பரான மாஜிஸ்திரேட் சர் ஹென்றி லவ்ஜாய் கேட்டுக்கொண்டதால் பழைய வழக்குக்குள் போகிறார். போகப் போக வில்லியம்ஸ் மேல் சந்தேகம் கரைகிறது. துறைமுக மதுக்கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம், அதில் புரளும் பணம் என்று கதை விரிகிறது. அந்த அதிகாரம் மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்ததும், சிலர் அதைத் தவறாகப் பயன்படுத்தியதும் வரலாறு. பெத்னல் கிரீன் பகுதியை ஆட்டிவைத்த ஜோசப் மெர்சரான் என்ற மாஜிஸ்திரேட் 1818-ல் தண்டிக்கப்பட்டார்.

உண்மையான 1811-ல் அப்படி ஒரு பிரபு வரவில்லை. வில்லியம்ஸுக்காகக் கேள்வி கேட்க ஆளில்லை. நாடாளுமன்றத்தில் ஷெரிடன் அதிகாரிகளைக் கேலி செய்தார், விவாதம் நடந்தது, ஒரு கமிட்டி போட்டார்கள். லண்டனுக்குப் பொதுவான போலீஸ் படையை ராபர்ட் பீல் உருவாக்கியது 1829-ல்தான். பதினேழு வருடம் கழித்து! அரசாங்க போலீஸ் வந்தால் சுதந்திரம் போய்விடும் என்ற பயம் ஆங்கிலேயர்களுக்கு அவ்வளவு இருந்தது.

அந்தப் பழைய கணக்கை நிஜமாகத் திறந்தவர்கள் உண்டு. துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற பி.டி.ஜேம்ஸ், போலீஸ் வரலாற்றாசிரியர் டி.ஏ.கிரிட்ச்லி இருவரும் சேர்ந்து 1971-ல் 'தி மால் அண்ட் தி பேர் ட்ரீ' என்ற நூலை எழுதினார்கள். கதையல்ல, ஆவணங்களை வைத்து எழுதிய ஆராய்ச்சி. வில்லியம்ஸ் தனியாகச் செய்திருக்க முடியுமா, அவன் சாவே தற்கொலைதானா என்று கேட்கிறார்கள். பி.டி.ஜேம்ஸ் அப்போது வேலை பார்த்தது பிரிட்டிஷ் உள்துறையில். எந்தத் துறை அந்த ஊர்வலத்துக்கு ஒப்புதல் கொடுத்ததோ, அதே துறை. 160 வருடம் சஸ்பென்ஸில் இருந்திருக்க வேண்டிய கணக்கை, அந்த ஆபீஸில் இருந்த ஒருவரே திறந்து பார்த்தார்!

எப்படிப் படிக்கலாம்?

ஹாரிஸின் நாவல் வரிசையில் முன்னவற்றைப் படிக்காமலே இதைப் படிக்கலாம், கதை புரியும். ஆனால் பிரபுவின் குடும்ப ரகசியங்கள் நாவலுக்கு நாவல் தொடர்வதால், முதல் நாவலான 'வாட் ஏஞ்சல்ஸ் ஃபியர்' புத்தகத்தில் தொடங்கினால் சுவை கூடும். அதில் கொலைக் குற்றம் செபாஸ்டியன் மேலேயே விழும். பிரபுவாக இருந்தும் ஓட வேண்டியிருக்கிறது, மாலுமி என்ன செய்வான்? ஆங்கிலம் எளிமை, அத்தியாயங்கள் சின்னவை. ரத்தம் கொஞ்சம் அதிகம், இரவில் தனியாகப் படிப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கதை வேண்டாம், நடந்தது மட்டும் போதும் என்பவர்கள் ஜேம்ஸ், கிரிட்ச்லி நூலை எடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம்மைப் போன்ற வளாகங்களில் ஒரு சைக்கிள் காணாமல் போனாலும், அரை மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பெயர் வந்துவிடுகிறது. பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி, பார்சல் கொண்டு வரும் பையன். கேமரா பதிவைப் பார்க்கும் வரையாவது, போலீசில் எழுதிக் கொடுக்கும் வரையாவது, அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யாமல் இருப்போம். சஸ்பென்ஸில் நான்கு நாள் இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

நாவலைப் படித்து முடித்தவர்கள், கொலையாளியை எந்த அத்தியாயத்தில் ஊகித்தீர்கள் என்று மாலை நடைப்பயிற்சியில் என்னிடம் சொல்லுங்கள். படிக்காதவர்கள் காதில் விழாமல் மெதுவாக.